மரியாதை வேட்டு

"எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் அவருக்குப் பக்கத்து மேசையில் தட்டச்சு இயந்திரத்தோடு வருடக்கணக்காக மாரடித்தவள் நான். இதைச் சொல்ல எனக்கு உரித்து இருக்கிறது. மழை எப்போது விடும், உள்துறைமுகத்தில் நிற்கிற கப்பல் எந்த நாட்டது, அதன் கப்டன் எதற்காக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், நன்னாரி வேர் எந்த நோய்க்கு நல்லது, எதைக் கேட்டாலும் பதில் வரும். கேட்ட வாய் மூடமுன் வரும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாலாவது எங்களுக்கு ஒரு சந்தேகம் பிறந்திருக்கும்.

கோணேசர் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் ஒருநாள் கந்தோர் வாசலில் நின்று இலங்கைத்துறைக்கு எப்படிப் போவதென்று கேட்டது. அங்கே அவர்களுக்கு ஏதோ சொந்தக்காரர் இருக்கிறார்களாம். அவர் கதிரையை விட்டு எழுந்து போனார். அந்தத் தாயின் பொட்டலத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு, பஸ் நிலையம் வரை நடந்து, இருக்க இடம் பிடித்துக்கொடுத்து, திரியாய் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். திரியாய் வடக்கே. இலங்கைத்துறை மூதூருக்கும் அங்கால், தெற்கே. பின்னேரம் அந்தச் சனம் புழுதி குளித்துத் திரும்பி வந்தபோது எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அவருக்கு ஒன்றுமில்லை. "அதுக்கொரு கதை இருக்கு, கேளுங்கோவன்" என்று தொடங்கினார். தெற்குப் பக்கம் கடல் குழம்பிக் கிடந்ததாம், லோஞ்சுப் படகில் ஏறினால் தாய்க்குச் சத்தி வருமாம், அதனால்தான் தரைவழியாகச் சுற்றிப் போகட்டும் என்று விட்டாராம். அந்தத் தாய் அவர் கையைப் பிடித்து, "நீ நல்லாயிருப்பாய் மோனே" என்று சொல்லிவிட்டுப் போனாள்!

பொய்யர் என்று சட்டென்று முடிவு கட்டிவிட வேண்டாம். பொய் சொல்கிறவனுக்கு அதில் ஒரு ஆதாயம் இருக்கும். இந்த மனுசனுக்கு ஒரு சதத்துக்கும் ஆதாயம் கிடையாது. கேட்டு வந்த முகம் வெறுமையாகத் திரும்பிப் போவதை அவரால் பொறுக்க ஏலாது, அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன். அந்தக் குணத்தை எனக்குப் பிடித்தும் இருந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

உயரமான ஆள். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்து, அந்த மடிப்புக்குள் பென்சிலைச் செருகியிருப்பார். வெள்ளைக்காரர் இருந்த காலத்தில் அவர்களுடைய கப்பல்தளத்தில் சின்ன வேலை ஒன்றில் இருந்தவர். அவர்கள் மூட்டை கட்டிய பிறகு எங்கள் கந்தோருக்கு வந்தார். ஆகவே கொடி, சீருடை, படை என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் ஊரில் அவர் சொன்னதுதான் சட்டம். "அவர் அவங்களோட இருந்து பாத்தவர்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொழுதுபடும் நேரம், வெள்ளைக்காரர் விட்டுப்போன கன்டீன் மண்டபத்தில் நாங்கள் படம் காட்டுவோம். நாங்கள் என்றால் அவர்தான். கதிரை அடுக்குவதும் வந்தவர்களுக்குப் பிளேன்டீ கொடுப்பதும் என் பங்கு. கொழும்பிலே தூரதேசம் ஒன்றின் கலாசார நிலையத்தில் படப்பெட்டிகளை இரவல் வாங்கி ரயிலில் கொண்டுவருவார். எல்லாம் கலைப்படம். பாஷை விளங்காது, கீழே எழுத்தும் ஓடாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் கதை சொல்வார். கோயிலில் ஒருவர் புராணம் படிக்க இன்னொருவர் பயன் சொல்வாரல்லவா, அதே மாதிரி. கப்பற்காரரோடு பழகி அவர்களுடைய பாஷைகள் தனக்கு வரும் என்று சொல்லியிருந்தார். நாங்கள் யாரும் பரீட்சை வைக்கவில்லை.

என்ன மாதிரிச் சொல்வார்! அந்தக் குரலுக்காகவே சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் ஆட்கள் வருவார்கள். ஒருதடவை ஒரு படத்தில் புருசன்காரன் வெளியே போனவன் திரும்பி வரவேயில்லை. ஏன் என்று படம் சொல்லவுமில்லை. அவர் மைக்கில், "பாம்பு கடிச்சுச் செத்துப்போனான்" என்றுவிட்டார். முன்வரிசையில் இருந்த கிண்ணியா ஹாஜியார் எழும்பினார்.

"தம்பி, பாம்பு எங்க வந்திச்சு? நான் கண்ண வெட்டாமத்தானே பாத்துக்கிட்டு இருக்கன்."

"ஹாஜியார், இது கலைப்படம். பாம்பைக் காட்டமாட்டாங்கள்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஹாஜியாரும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கையில் ஊற்றுண்டது.

பட்டாளத்துப் படம் வந்தது ஒரு மாசி மாதம். தம்பியும் அன்றைக்கு வந்திருந்தான். என் கூடப் பிறந்தவன், கடற்படையில் மாலுமி, லீவில் வீட்டில் நின்றான். அவன் கையெழுத்து வைத்த காலம் முடிய இன்னும் வருடங்கள் கிடந்தன. அப்பா செத்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும் தனி. திரியாயில் அவனுக்கு ஒரு பெண்ணையும் பேசி வைத்திருந்தோம். "கடல்ல நிக்கிற நேரத்தை விடப் பித்தளை மினுக்கிற நேரம்தான் கூட, அக்கா" என்பான். விட்டுவிட்டு வீட்டுக்கு வர அவனுக்கு ஆசை. வழிதான் தெரியாது.

அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்லத்தான் வேண்டும். என் வாழ்நாளில் அப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. கறுப்பு வெள்ளைப் படம். மரமில்லாத ஒரு தீவு, அதில் ஒரு கோட்டை, உள்ளே ஒரு பட்டாளம். எதிரி என்று ஒருத்தனும் வருவதில்லை. விடியற்காலையில் எல்லாரும் வரிசையாக நின்று முகம் மழிக்கிறார்கள். முள்ளுக்கம்பியில் தொங்கவிட்ட கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் அரை முகம். வள்ளத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மணலில் நடக்கிறார்கள். எங்களுக்குத் தெரிவது கால்கள் மட்டும். வற்றுக்கடலில் அணிவகுக்கும்போது தண்ணீரில் இன்னொரு படை தலைகீழாக நடக்கிறது. தோய்த்துக் காயப்போட்ட சட்டைகளுக்குள் காற்றுப் புகுந்து, கொடி முழுக்கத் தலையில்லாத ஆட்கள் பயிற்சி எடுக்கிறார்கள். அப்பப்பா! சீருடையும் கொடிக்கம்பமும் எங்களூரில் நாள்தோறும் கண்டு அலுத்துப்போன சாமான்கள். அதே சாமான்கள் அன்றைக்கு என்னைக் கதிரையில் கட்டிப் போட்டன. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்த நேரத்துக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

அந்தப் பட்டாளத்தில் ஒரு இளம் சிப்பாய். நடுப்படத்தில் அவன் வரிசையை விட்டு ஒரு அடி முன்னே வந்து, துவக்கைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறான். ஏன் என்று தெரியாது. அதிகாரிகள் ஒரு மேசையைச் சுற்றி இருந்து கனநேரம் கதைக்கிறார்கள். மறுநாள் காலை எல்லாச் சிப்பாய்களும் இரண்டு வரிசையாக நிற்க, அவன் நடுவால் நடந்து வருகிறான். ஒவ்வொருவனும் கிட்டே வந்து அவன் கோட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொள்கிறான். ஒருவரும் பேசவில்லை. பிறகு அவனை வள்ளத்தில் ஏற்றுகிறார்கள். வள்ளம் வெள்ளை வெயிலுக்குள் போய்க் கரைகிறது. எங்கோ தூரத்தில் ஒரு வேட்டுச் சத்தம். கொடியில் கிடந்த சட்டைகள் ஒருதரம் துடிக்கின்றன. பறவைகள் எழும்புகின்றன. படம் முடிந்தது.

அவர் மைக்கில் சொன்னது இது. அந்தப் பெடியனுக்குத் தாய் நினைவு வந்துவிட்டது. துவக்கைக் கையால் கீழே வைத்தால் "என்னை விடுங்கோ" என்று அர்த்தம். மேலதிகாரிகள் கூடி, அவனை மரியாதையாக அனுப்பத் தீர்மானித்தார்கள். கூட்டாளிகள் ஆளுக்கொரு பொத்தானை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். "கேட்டீங்களே ஒரு சத்தம், அது கோட்டையில வைச்ச மரியாதை வேட்டு. பெடியன் வீட்ட போயிட்டான்." அவர் குரல் தழுதழுத்தது. மண்டபத்தில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள். நானும்தான்.

வெளியே வேலியோரம் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. தம்பி அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"அண்ணை, உண்மையா அப்பிடி விடுவினமோ?"

"விடாமல்? சண்டையில்லாத காலத்தில துவக்கைக் கீழ வைச்சவனைப் பிடிச்சு வைக்க ஒரு படைக்கும் உரிமை இல்லை."

"இங்கயும் அப்பிடியோ?"

"இங்க இருக்கிறது என்ன, வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன வழக்கம்தானே! நான் என்ரை கண்ணால பாத்தனான். ஒருத்தன் வைச்சவன், அடுத்த கிழமை வீட்ட."

"முன்னுக்கு வந்து வைச்சாக் காணுமோ? வேற ஒண்டும் சொல்லத் தேவையில்லையோ?"

"சல்யூட் ஒண்டு அடிச்சா நல்லம்" என்றார்.

சல்யூட் ஒன்று அடித்தால் நல்லமாம்! வேலியோரத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒரு துளி தயக்கம் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இல்லை.

லீவு முடிந்து போன தம்பி சித்திரையில் அதைச் செய்துவிட்டான். அவனோடு வேலை செய்த மூதூர்ப் பெடியன் ஒருவன்தான் வந்து சொன்னான். அணிவகுப்பில் மேலதிகாரி வந்து நின்ற நேரம் தம்பி முன்னே வந்தானாம். துவக்கைத் தரையில் வைத்தானாம். சல்யூட் அடித்துவிட்டு நின்றானாம். "வெயில்ல மூளை கலங்கிட்டெண்டுதான் நினைச்ச நாங்க" என்றான் பெடியன். படைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி அவனை உள்ளே போட்டார்கள். மாதக்கணக்கில் இருந்துவிட்டு, அவமரியாதையாக விலக்கப்பட்டவன் என்ற பெயரோடு வீட்டுக்கு வந்தான். அந்தப் பெயரோடு வந்தவனுக்கு அரசாங்கத்தில் ஒரு பியோன் வேலையும் கிடையாது. திரியாய்க்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் பெண்ணை வேறு இடத்தில் செய்துவைத்தார்கள். தம்பி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு சைக்கிள் கடையில் ஒட்டுப்போடப் போனான்.

அந்த நாட்களில் அவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்தார். தம்பியின் தோளில் கைவைத்து, "எங்கட ஆக்களுக்கு ஒழுங்கு தெரியாது. வெளியில எண்டால் உன்னைத் தலைக்கு மேல தூக்கி வைச்சிருப்பாங்கள்" என்றார். அம்மா குசினியிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு அப்பம் வைத்தாள். அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டைக் கண்டு மற்றப் பக்கமாக நடந்த காலம் அது. வந்து போனவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவர் மேல் இருந்த விருப்பம் அந்த மாதங்களில் கூடிக்கொண்டே போனது. அம்மா மெல்லக் கலியாணப் பேச்சை எடுத்தாள். நான் தலையாட்டினேன். அடுத்த வருடம் ஆவணியில் கலியாண எழுத்து வைப்பது என்று முடிவாயிற்று.

அதற்கு இரண்டு மாதம் முன், ஆனியில், கந்தோர் விஷயமாக என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்த பின்னேரம், அவர் படப்பெட்டி வாங்குகிற இடத்தை ஒருக்கால் பார்க்கலாம் என்று போனேன். கட்டிக்கொள்ளப் போகிறவர் ஏறி இறங்கிய படியல்லவா, அதை மிதிக்கிற ஆசை. வாசலில் விளம்பரம் ஒட்டியிருந்தது. அதே தீவு, அதே கோட்டை, கொடியில் அதே சட்டைகள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஓடிப்போய் முன்வரிசையில் இருந்தேன்.

இந்தப் பிரதியில் கீழே இங்கிலீசில் எழுத்து ஓடியது.

அந்தச் சிப்பாய்க்குத் தாய் நினைவு வரவில்லை. பக்கத்துத் தீவுச் சனத்தைச் சுடச்சொன்னார்கள். ஏலாது என்று துவக்கை வைத்தான். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவனுக்கு மரண தண்டனை எழுதினார்கள். கூட்டாளிகள் பொத்தான் பிடுங்கியது கட்டளைப்படி. அவமானப்படுத்தி அனுப்பவேண்டும், அந்த அவமானத்தில் எல்லாருடைய கையும் படவேண்டும் என்று கட்டளை. வள்ளத்தில் ஏற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சுட்டார்கள். நாங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்ட மரியாதை வேட்டு அதுதான்.

எனக்கு அழுகை வரவில்லை. படம் முந்திப் பார்த்ததிலும் அழகாக இருந்தது. அதுதான் கொடுமை. ஒரு சட்டை மாறவில்லை, ஒரு அலை மாறவில்லை. நடுவில் நின்று எங்களை முட்டாளாக்கிய வாய் ஒன்றுதான் அங்கே இல்லை.

திருகோணமலைக்கு வந்திறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கந்தோருக்குப் போனேன். அவர் இறங்குதுறைப் பக்கம் யாருக்கோ கப்பல் ஒன்றைக் காட்டிக் கதைத்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் போகும்வரை காத்திருந்தேன்.

"உங்களுக்கு அந்தப் பாஷை தெரியுமோ?" என்று கேட்டேன்.

"எந்தப் பாஷை?"

"பட்டாளத்துப் படத்தின்ரை பாஷை."

"தெரியும். ஏன்?"

"நான் கொழும்பில அதைப் பாத்திட்டு வாறன். கீழ எழுத்தோட."

இந்த இடத்தில் அவர் தலையைக் குனிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மன்னித்திருப்பேன். மானங்கெட்ட மனசு, மன்னித்துத்தான் இருக்கும். அவர் குனியவில்லை. கொலரை இழுத்துவிட்டார்.

"அதுக்கொரு கதை இருக்கு, கேளுங்கோவன். நீங்கள் பாத்தது வெட்டின பிரதி. முழுப்படத்தில அவன் வீட்ட போறான்."

"அவனைச் சுட்டுப்போட்டாங்கள்."

"அது வெறும் வேட்டு. பயப்படுத்திறதுக்கு வைக்கிறது. பிறகு எழும்புவான்."

"எழும்புவானோ?"

"ஓம். தாய் வாசல்ல நிப்பா. அதைத்தான் வெட்டிப்போட்டாங்கள்."

அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் களவு இல்லை. அந்தத் தாயை அவர் அப்போதே, என் முன்னாலேயே, வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தானே பார்த்தும் விட்டார். இன்னும் கொஞ்சம் நின்றால் அந்தத் தாய் என்ன சேலை கட்டியிருந்தாள் என்றும் சொல்லுவார்.

"என்ரை தம்பி உங்களை அண்ணை எண்டு கூப்பிட்டுக் கேட்டவன்" என்றேன். "தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவன் இண்டைக்குக் குடும்பகாரன். அந்த ஒரு சொல்லுக்கு உங்களுக்கு வாய் வரேல்லை. உங்களுக்கும் எனக்கும் இனி ஒரு கதையுமில்லை."

"கோபத்தில கதைக்கிறீங்கள். இருங்கோ, நான் சொல்லுறன்..."

நான் நிற்கவில்லை. அதற்குப் பிறகு என் மேசையைக் கந்தோரின் மற்ற மூலைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் குரல் அங்கேயும் கேட்கும். யாருக்காவது ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்கிறவர்களின் முகம் மலர்ந்துகொண்டே இருக்கும்.

அன்றைக்கு அங்கிருந்து நேரே சைக்கிள் கடைக்குப் போனேன். தம்பி சில்லு ஒன்றைக் கழற்றித் தண்ணீரில் டியூப்பை அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். சுடச்சொன்னது, பொத்தான் பிடுங்கச்சொன்னது, வேட்டு, கடைசியாக அவர் சொன்ன தாய். உன்னை ஏமாற்றிப்போட்டாரடா, எங்களை எல்லாம் ஏமாற்றிப்போட்டார் என்று கத்தினேன். தெருவில் போன சனம் திரும்பிப் பார்த்தது.

அவன் டியூப்பைத் துடைத்து, ஓட்டை இருந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டான்.

"எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது, அக்கா."

"எண்டைக்கு?"

"துவக்கை வைச்சிட்டு நிமிர்ந்து நிண்டன். ஒருத்தனும் கிட்ட வரேல்லை. அப்பவே விளங்கிட்டுது."

இவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த மனுசன் எங்கள் வீட்டில் வந்து இருந்து, அம்மா கையால் அப்பம் தின்று, இவன் தோளில் கைவைத்துக் கதைத்தபோதெல்லாம் இவன் பேசாமல் இருந்திருக்கிறான்.

"பிறகேன்டா அவரிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"கேட்டா அதுக்கும் ஒரு கதை சொல்லுவார்" என்றான் தம்பி. "நான் அதையும் நம்பிப்போடுவன், அக்கா."